சாயக்கா வீட்டு வாட்டம்

எங்கள் கட்டடத்தில் தளத்துக்கு இரண்டாக ஆறு வீடுகள். கீழே இடதுபக்க வீட்டில் இருப்பவரை எல்லோரும் சாயக்கா என்று கூப்பிடுவோம். சாயப்பட்டறையில் நிறம் கலக்கும் வேலை. முதலில் 'சாயப்பட்டறை அக்கா' என்றுதான் இருந்தது. அது 'சாய அக்கா' ஆகி, பிறகு மூச்சை மிச்சம் பிடித்துச் சாயக்காவாக நின்றுவிட்டது. சொந்தப் பெயர் மின்கட்டண அட்டையில் இருக்கிறது. அதைப் படித்தால் யாரோ வேற்றாள் போலத் தோன்றும்.

பத்தொன்பது வயதில் நூலை எண்ணி அடுக்கும் வேலைக்குப் போனவர். ஒரு நாள் நிறம் கலக்குபவர் வரவில்லை. முதலாளியே மூன்று முறை கலக்கிப் பார்த்தும் வாடிக்கையாளர் கொடுத்த துண்டுத்துணியின் நிறம் வரவில்லை. பின்னால் மூட்டையோடு நின்ற இந்தப் பெண், இன்னும் கொஞ்சம் மஞ்சள் விட்டால் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். விட்டார்கள், வந்துவிட்டது. அன்றைக்குக் கலக்கும் அறைக்குள் போனவர், இருபத்தெட்டு வருடமாக அங்கேதான். கறுப்பில் ஏழு கறுப்பு இருப்பதாகச் சொல்வார். நமக்கு ஏழும் ஒன்றாகத்தான் தெரியும். அந்த வாரம் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்பதை அவர் நகக்கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சிரித்தால் இரண்டாவது மாடியில் இருக்கும் எனக்குக் கேட்கும். கோபப்பட்டாலும் கேட்கும். இரண்டையும் மறைத்து வைக்கத் தெரியாத மனுஷி.

நான்கைந்து வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். தரை, சுவர் எல்லாம் வெள்ளை ஓடு. அழுக்குத் தெரியுமே என்று நான் கேட்டதற்கு, "நாள் முழுக்க நெறத்தோட மல்லுக்கட்டுறேன் டீச்சர். குளிக்கிற எடமாவது வெள்ளையா இருக்கட்டும்" என்றார். வேலையை மேற்பார்த்தவர் அவர் கணவர், சரக்கு வேன் ஓட்டுபவர். மனைவி காலையில் போய் மாலையில் வருவதால் கொத்தனாரோடு நின்று பேசியது எல்லாம் வேன்காரர்தான். வெள்ளை ஓட்டில் முதல் நாள் குளித்துவிட்டு வந்து, மருத்துவமனையில் குளித்த மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று சாயக்கா கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறேழு மாதம் கழித்து வந்தது வினை. காலை ஏழு மணிக்குக் குளியலறை மூலையில் இருக்கும் சல்லடை மூடி 'களக்' என்று விக்கும். பிறகு அதன் வழியாக நுரை எழும்பும். நுரைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஏறி, வெள்ளைத் தரையில் கணுக்கால் அளவு நிற்கும். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சாயக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாறும் கையுமாக நிற்பார். அடைப்பெடுக்க ஆள் வருவார். நீளக் கம்பியை விட்டுக் குடைவார். இரண்டு வாரம் நன்றாகப் போகும். மறுபடியும் 'களக்'. வந்தவர்கள் எல்லோரும் அடைப்பை எடுத்தார்களே தவிர, அது ஏன் அங்கேயே வந்து உட்கார்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஏன் என்பதைச் சாயக்காவே கண்டுபிடித்துவிட்டார். அவர் குளியலறையின் வெளிச்சுவரை ஒட்டி மேல் வீடுகளின் கழிவுக் குழாய் இறங்குகிறது. சரியாக ஏழு மணிக்கு அதில் தண்ணீர் தடதடவென்று விழும். முதல் மாடியில் இருக்கும் சலூன்காரர் கடை திறக்கப் போகுமுன் குளிக்கும் நேரம் அது. மேலே தண்ணீர் விழுகிறது, இங்கே தண்ணீர் எழும்புகிறது. இரண்டும் இரண்டும் நாலு என்று சாயக்கா கூட்டிவிட்டார்.

ஒரு நாள் கம்பியின் நுனியில் சுருட்டிக்கொண்டு ஒரு பெரிய முடிப்பந்து வந்தது. அவ்வளவுதான். அதை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்ச் சலூன்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, கடையில வெட்டுற முடியெல்லாம் கொண்டாந்து என் வீட்டுல கொட்டுறீங்களா?"

சலூன்காரர் அதிகம் பேசாதவர். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள் என்பார்கள். இவர் கத்தரியைப் பேசவிட்டுச் சும்மா இருப்பார். குச்சியில் தொங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, இது ஒரு முழம் இருக்கு. என் கடைக்கு வர்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு முடியே கெடையாது" என்றார்.

நியாயமான பேச்சு. ஆனால் கோபத்தில் இருப்பவர்களுக்கு நியாயம் நக்கலாகத்தான் கேட்கும். அப்படியென்றால் அந்த நுரை என்ன, சவர நுரை இல்லையா என்று சாயக்கா பிடித்துக்கொண்டார். அதற்கு மேலும் சில வார்த்தைகள் வந்து விழுந்தன. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. சலூன்காரர் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் மூன்று வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் கூரையைப் பார்ப்பார். இதற்கிடையில் சலூன்காரர் வீட்டில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. கட்டடத்தில் எல்லோர் இடுப்பிலும் ஏறி வளர்ந்தது, கீழ்வீட்டு இடுப்பைத் தவிர. சாயக்காவுக்குக் குழந்தை என்றால் உயிர். பஸ்ஸில் அடுத்த இருக்கைக் குழந்தையை மடியில் வாங்காமல் அவர் வீடு வந்து சேர்ந்ததில்லை. தலைக்கு மேலே அது தவழ்வதும், அழுவதும், பாத்திரத்தைத் தட்டுவதும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். என்னைத் தனியாகப் பார்த்தால் சுற்றி வளைத்து அங்கேதான் வருவார். மேல் வீட்டில் பல் முளைத்துவிட்டதா? நடக்கிறதா? பட்டறையில் மிஞ்சிய நூலில் தானே நிறம் போட்டு ஒரு குல்லாய் பின்னியிருந்தார். கொடுக்க வழியில்லாமல் அது அலமாரியில் கிடந்தது. குழந்தையின் தலைதான் வளர்ந்துகொண்டிருந்தது.

நான் அப்போது கட்டடச் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி அந்தப் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். குளியலறைத் தண்ணீர் ஒவ்வொரு கூட்டத்திலும் வந்துவிடும். கடைசியாக ஒரு கூட்டத்தில், சலூன்காரர் வீட்டுத் தரையை உடைத்துப் பார்ப்பது என்ற பேச்சு எழுந்தது. அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். குற்றம் தன்னுடையது என்று யாராவது காட்டினால் தானே உடைக்கிறேன் என்றார். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காட்ட யாரிடமும் வரைபடம் இல்லை. கட்டியவர் கட்டிக் கொடுத்ததோடு சரி. அப்போதுதான் சாயக்கா எழுந்தார்.

"காட்டுறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாயம் தர்றேன். தண்ணியில கலக்கி ஊத்துங்க. யாரோட சாயம் வெளுக்குதுன்னு ஞாயித்துக்கெழம பாத்துடுவோம்."

கூட்டம் கலகலத்துவிட்டது. சலூன்காரர்கூட ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை கட்டடமே பின்பக்கத்தில் கூடியிருந்தது. அங்கேதான் ஆறு வீட்டுக் கழிவுநீரும் வந்து சேரும் தொட்டி. சேம்பர் என்பார்கள். வேன்காரர் கடப்பாரையால் நெம்பி அதன் மூடியைத் திறந்தார். நாலைந்து குழாய்களின் வாய் உள்ளே தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாலும் யாரும் நகரவில்லை. சாயக்கா முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்த பொட்டலங்களைப் பிரித்தார். எனக்குப் பச்சை. எதிர் வீட்டுக்கு மஞ்சள். மற்றவர்களுக்கு நீலமும் ஆரஞ்சும். சலூன்காரர் வீட்டுக்கு மட்டும் நல்ல ரத்தச் சிவப்பு. கண்ணில் அறைகிற மாதிரித் தெரிய வேண்டுமல்லவா?

சலூன்காரர் பொட்டலங்களை எண்ணினார். சாயக்காவிடம் பேசமாட்டாரே, அதனால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர், வீடு ஆறு இருக்கு. பொட்டலம் அஞ்சுதான் இருக்கு."

சாயக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பறிகொடுத்தவள் வீட்டிலேயே சோதனையா என்று கேட்டார். அதுவும் என்னைப் பார்த்துத்தான். இருந்தாலும் மறுக்கவில்லை. பையைத் துழாவிக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சிட்டிகை எடுத்து மகளிடம் கொடுத்தார். அடுக்களைத் தொட்டியில் ஊற்றி இரண்டு வாளித் தண்ணீர் விடச் சொன்னார். மகள் கல்லூரியில் படிக்கிறவள். தாயைப் போலவே இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. உள்ளே போனாள்.

முதலில் என் பச்சை வந்தது. இரண்டு மாடி இறங்கி வந்தும் கிளிப்பச்சையாகப் பளிச்சென்று விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கே ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. சாயக்கா மட்டும், டீச்சர் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டார், நிறம் வெளிறிவிட்டது என்றார். அடுத்து மஞ்சள். பிறகு நீலமும் ஆரஞ்சும் ஒன்றன்பின் ஒன்றாக. தொட்டிக்குள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சாக்கடையை அப்படி ஆசையாக எட்டிப் பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

சலூன்காரரின் மனைவி மேலிருந்து ஊற்றிவிட்டதாகக் குரல் கொடுத்தார். சாயக்கா குனிந்து நின்றார். சிவப்பு வந்தது. எங்கும் தேங்கவில்லை, தயங்கவில்லை. குழாயிலிருந்து ஒரே வீச்சில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்து, வந்த வேகத்தில் தெருச் சாக்கடைப் பக்கம் ஓடிப்போனது. பக்கத்திலேயே சாயக்கா வீட்டுக் குழாயின் வாய் காய்ந்துபோய் இருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை.

கத்திரிப்பூவுக்காகக் காத்திருந்தோம். வேன்காரர் தொண்டையைச் செருமினார். சாயக்கா நிமிர்ந்து, மகள் இன்னும் ஊற்றவில்லை போலிருக்கிறது என்றார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, பாத்ரூம் பூரா கத்திரிப்பூம்மா."

எல்லோரும் ஓடினோம். குளியலறை வாசலில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தோம். மூலைச் சல்லடை வழியாகச் சாயத் தண்ணீர் கொப்பளித்து ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை ஓடு தெரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பளபளவென்று கத்திரிப்பூ. சாயக்கா கலக்கிய நிறமல்லவா, கொஞ்சமும் வெளுக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீரும் அடுக்களைத் தண்ணீரோடு சேர்ந்து இந்தக் குளியலறைக் குழாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் போட்டுவிடும் இயந்திரம் ஏழு மணிக்குத்தான் தண்ணீரை வெளியே விடும். நுரை யாருடையது என்பது அந்த நேரத்தில் எங்கள் எல்லோருக்குமே புரிந்துவிட்டது. முடி யாருடையது என்பதற்குத் தாயும் மகளும் நின்ற நிலையே போதும். இரண்டு சடையும் கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

நான் சாயக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை, சிரிக்கிறார். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. சுவரைப் பிடித்தார், முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று சொல்ல வந்து பாதியிலேயே சிரிப்பு முட்டி நின்றது. அவர் சிரித்ததும் எங்களுக்கும் கட்டவிழ்ந்துவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு குளியலறை வாசலில் அத்தனை பேர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சட்டென்று நிறுத்திவிட்டு, சலூன்காரர் எங்கே என்று திரும்பிப் பார்த்தார். அவர் எப்போதோ மேலே போய்விட்டிருந்தார். தன் மேல் இருந்த பழி விலகும்போது அங்கே நின்று வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை அவர்.

சாயக்கா எழுந்து படியேறினார். நானும் பின்னால் போனேன். ஒட்டுக்கேட்கவில்லை. என் வீடு அதற்கும் மேலே இருக்கிறது, எனக்கு வேறு படி கிடையாது. கொஞ்சம் மெதுவாக ஏறினேன், அவ்வளவுதான்.

கதவு திறந்துதான் இருந்தது. சாயக்கா வெளியே நின்றபடி சொன்னார்.

"தம்பி, மூணு வருஷமா என் வீட்டு அழுக்கையெல்லாம் உங்க தலையில கொட்டிட்டேன். வார்த்தையும் கொட்டிட்டேன். நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

சலூன்காரர் எழுந்து வந்தார். சாயக்காவின் பாதத்திலிருந்து கத்திரிப்பூத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கால் ஈரமா இருக்கு, தரை வழுக்கும். பாத்து உள்ள வாங்கக்கா" என்றார்.

உள்ளே போனவரின் காலைக் குழந்தை வந்து கட்டிக்கொண்டது. அதற்குப் பகை தெரியுமா, பங்காளி தெரியுமா? தூக்கிக்கொண்டார். கையில் சாயம் இருப்பது நினைவுக்கு வருவதற்குள் அதன் இரண்டு கன்னத்திலும் ஐந்து ஐந்து விரல் பதிந்துவிட்டது. சலூன்காரர் மனைவி துடைக்கப் போக, சாயக்கா தடுத்து, தேய்த்தால் பரவும், மூன்று நாளில் தானாகப் போய்விடும் என்று தொழில்முறையில் விளக்கம் கொடுத்தார். ஐந்து நாள் இருந்தது. குல்லாய் குழந்தைக்குச் சேரவில்லை. அதன் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தார்கள், அளவெடுத்த மாதிரிப் பொருந்திவிட்டது.

மறுநாள் வந்த குழாய்க்காரர் இதற்கு முன் வந்தவர்களைப் போலக் கம்பியை எடுக்கவில்லை. பருத்த உடம்பு, மேல்மூச்சு வாங்கும். தரையில் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்து ஒரு பார்வை பார்த்தார். ஓடுகளை உடைத்துக் குழாயைத் திறந்து மறுபடியும் வைத்தார். குமிழி எதிர்ப்பக்கம் போய் நின்றது. குழாய் சேம்பரை நோக்கி வாட்டமாக இறங்குவதற்குப் பதிலாக நாலு விரல் ஏறிக்கொண்டு போனது. மேல் வீட்டுக் குழாய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது தனி வழி.

"தண்ணிய மலையேறச் சொல்லியிருக்கீங்க. அது எப்படிம்மா ஏறும்? குழாய்க்கு வாட்டம் வேணும். மனுஷனுக்குத்தான் வாட்டம் கூடாது" என்றார்.

இதை யார் இப்படிப் போட்டது என்று சாயக்கா கேட்டார். கேள்வி குழாய்க்காரரிடம்தான். ஆனால் பதில் ஜன்னல் ஓரத்திலிருந்து வந்தது. வேன்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சரியான வாட்டம் வேண்டுமென்றால் தரையை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் கதவு மூடாது, கதவைச் செதுக்க வேண்டும் என்று அன்றைக்குக் கொத்தனார் சொன்னாராம். கதவு சாயக்கா தேடித்தேடி வாங்கியது. அதில் கைவைக்கப் பயந்து, கொஞ்சம் முன்னேபின்னே பார்த்துப் போட்டுவிடுங்கள் என்று இவர் சொல்லிவிட்டாராம். சேம்பர் முன்னால் தொண்டையைச் செருமியபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மூணு வருஷமா தெரியுமா?" என்றார் சாயக்கா.

"சந்தேகம் இருந்துச்சு. நீ மேல் வீடுன்னு அவ்வளவு உறுதியா சொன்னியா, சரி, ஒருவேளை அப்படித்தான் போலன்னு நானும் நம்பிட்டேன்."

அன்றைக்கு இரண்டாவது மாடியில் எனக்குக் கேட்டது சிரிப்புச் சத்தம் இல்லை. சாயங்காலத்துக்குள் அது சிரிப்பாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை முடியப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் சாயக்கா குடும்பம் குளித்தது சலூன்காரர் வீட்டில். அவர் தன் ஏழு மணியை விட்டுக்கொடுத்துவிட்டு ஆறரைக்கு மாறிக்கொண்டார். வாளி, துண்டு, சோப்புப்பெட்டியோடு மூன்று பேரும் வரிசையாகப் படியேறுவதைப் பார்க்கக் கட்டடமே காலையில் கதவைத் திறந்து வைத்திருக்கும். குளித்துவிட்டு இறங்கச் சாயக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதில் குளியல் ஐந்து நிமிடம், மீதியெல்லாம் குழந்தை.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, மகள் மேலே குளிக்கப் போனவள் கழுத்தளவு முடியோடு இறங்கி வந்தாள். வெகு நாளாக அம்மாவிடம் கேட்டு மறுக்கப்பட்டு வந்த விஷயம். குழாய்க்காரர் எடுத்துப் போட்ட முடிப்பந்தைக் காட்டிக் கேட்டிருக்கிறாள், இந்த முறை சாயக்கா தலையாட்டிவிட்டார். சலூன்காரர் நேரிலேயே கீழே வந்து, வெட்டட்டுமா அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தாராம். வெட்டிய சடையைச் சாயக்கா வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். மகளைச் சுற்றி வந்து நாலு பக்கமும் பார்த்தார். பின்கழுத்தில் ஒரு மச்சம் இருப்பதே இத்தனை நாள் தெரியவில்லையே என்றார்.

பதின்மூன்றாம் நாள் காலை எங்களுக்கெல்லாம் அழைப்பு. குளியலறையைத் திறந்து வைக்கிறார்களாம். டீ போட்டிருந்தார்கள். தரை உயர்ந்திருந்தது, கதவின் அடிப்பக்கம் இரண்டு விரல் செதுக்கப்பட்டிருந்தது. ஓடுகளை இந்த முறை இளநீலத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளையின் மேல் ஆசை விட்டுப்போனது என்றார் சாயக்கா. சலூன்காரர் மனைவி வாளியைத் தூக்கி ஊற்ற வேண்டும் என்று சாயக்கா பிடிவாதமாக இருந்தார். அவர் கூச்சத்தோடு ஊற்றினார். தண்ணீர் தரையில் பரவி, ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பிறகு மூலையை நோக்கித் திரும்பிச் சல்லடைக்குள் வளையம் வளையமாகச் சுழன்று இறங்கியது. உள்ளே அது போகும் சத்தம் தூரமாகிக்கொண்டே போய்க் கேட்காமலாயிற்று. பின்பக்கம் சேம்பர் அருகில் நின்ற மகள், வந்துவிட்டது என்று கூவினாள். குழந்தை கைதட்டியது.

வேன்காரர் எங்கள் எல்லோருக்கும் பின்னால், டீத்தட்டோடு மாட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லையாம். இன்னொரு வாளி ஊற்றச் சொன்னார்.